வாடகைக் கிரீடமும் படுகளமும்

நம் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இஃதொன்றே. அன்று முதல் எங்கள் வகுப்பில் ஒரே பேச்சு. மேனாட்டில் நடப்பது போல் இங்கும் ஒரு வேடச் சந்தை நடத்த வேண்டுமாம்!

அமெரிக்காவில் அதனை மறுமலர்ச்சிக் காலச் சந்தை என்கின்றனர். ஃபில்லிஸ் பேட்டர்சனும் அவர் கணவர் ரானும் 1963இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. சீட்டு வாங்கி உள்ளே போனால் எலிசபெத் அரசி காலத்து ஆங்கில ஊர் ஒன்று காத்திருக்கும். வந்தவர்களும் வேடமிட்டு உலாவலாம். மாலையில் உடையைக் களைந்துவிட்டு வீடு திரும்பலாம்.

இதில் எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. வாடகைக் கிரீடம் வைத்து, தேசிங்குராசன் என்று சொல்லிக் கல்யாண மகால் முன் படம் பிடித்துக்கொள்வதா? 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டவனுக்கு இதுவா மரியாதை? பழங்காலத்துக்குள் புகும் வழி நமக்கு வேறாக இருக்கிறதே!

அதனைச் சித்தியின் ஊரில் கண்டேன். திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடமாகச் சொல்லப்படும் மேலச்சேரி நம் செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கோடையில் பாரதக் கூத்து நடக்காத ஊர் குறைவு. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் பதினெட்டாம் போர். இரவெல்லாம் முகவீணையும் மத்தளமும் ஒலிக்க ஆடிய துரியோதனன், விடிந்ததும் படுகளத்துக்கு வந்தான். அரிதாரம் வியர்வையில் வழிந்திருந்தது. மண்ணால் செய்த பெரிய உருவம் மல்லாந்து கிடந்தது. தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடித்தாள். என் பக்கத்தில் இருந்த கிழவி உண்மையாகவே அழுதாள். சீட்டு விற்கும் சந்தையில் இந்த அழுகை கிடைக்குமா?

ஆனால் என்னுடன் வந்த வகுப்புத் தோழன் களத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டான்.

“கிட்ட வாடா” என்றேன்.

“இங்கிருந்தே தெரியுது” என்றான்.

திரும்பும்போது பேருந்தில்தான் எனக்கு விளங்கியது. வேடச் சந்தை வேண்டும் என்று வகுப்பில் உரக்கச் சொன்னவனும் அவனே. கோட்டை வாயிலில் சீட்டுக் கொடுப்பவர் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. நம் மாவட்டத்து மேல்பாதியில் தாழ்த்தப்பட்டோர் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த தகராறில் திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. அவர்கள் உள்ளே சென்று வழிபட்டது 2025 ஏப்ரலில்தான். பாஞ்சாலியின் மானத்துக்காக அழுகிறோம். அழுவதற்கும் இடம் பிரித்து வைத்திருக்கிறோம்!

ஆகவே நான் சற்று இறங்கி வருகிறேன். விழா நடக்கட்டும். ஆனால் விருந்தினரை வரவேற்கப் பத்து நிமிடம் கூத்தாடச் சொல்லி, சால்வை போர்த்தி அனுப்பும் விழா வேண்டாம். அந்தக் கலைஞர்களுக்கு ஒரு முழு இரவும் அதற்குரிய கூலியும் கொடுப்போம். கோட்டையை மாலையில் அடைத்துவிடுவார்கள். நம் கல்லூரி மைதானம் போதும். பேராசிரியர்கள் மனம் வைத்தால் அடுத்த ஆண்டு விழாவிலேயே செய்யலாம். நாற்காலி வேண்டாம், பாய் விரிப்போம். முன்வரிசை யாருக்கும் ஒதுக்கப்படாது. முதலில் வருபவர் முதலில் உட்காரலாம். என் தோழனுக்கு நான் இடம் பிடித்து வைக்கிறேன்.