வாய்தா கேட்பவன் சோம்பேறியா?

ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்கும் வேலை மிச்சம். பரீட்சைக்கு முந்தின ராத்திரிவரை புத்தகத்தைத் தொடாத பையன், பல்வலியோடு ஆறு மாதமாகக் கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு திரிகிற மாமா, அப்பா இறந்து வருஷங்கள் ஓடியும் பட்டா மாறுதலுக்கு மனுப் போடாத அண்ணன் தம்பிகள், எல்லாருக்கும் நம்மிடம் இருப்பது ஒரே தீர்ப்பு: உடம்பு வளையவில்லை. வீட்டில் பெரியவர் சொல்கிறார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்கிறார், தன்னம்பிக்கைப் புத்தகம் போடுகிறவர் அதையே விலைக்குச் சொல்கிறார். தள்ளிப்போடுவது சோம்பல், சோம்பல் குணக்கேடு, குணக்கேட்டுக்கு மருந்து ஏச்சு.

இந்த நம்பிக்கை தவறு. அதோடு, சிலருக்கு ரொம்பவும் வசதியான தவறு.

ஒட்டப்பிடாரம் தாலுகாவின் கிழக்கே, தருவைகுளம் வேப்பலோடை பக்கம் கடலோரம் முழுக்க உப்பளம். அங்கே வேலை செய்கிறவர் விடியலுக்கு முன்னால் எழுந்து பாத்திக்குப் போகிறார். வெயில் ஏறுமுன் வாரியாக வேண்டும். உப்புத்தண்ணீரில் நின்று நின்று கால் வெடிக்கிறது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் கெடுகிறது. அந்த வேலையை அவர் நாளைக்கு என்று தள்ளுவதில்லை. ஆனால் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவதை மட்டும் மாசக்கணக்கில் தள்ளுவார். "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டால், "பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி, இப்ப என்ன அவசரம்" என்பார். உப்பு வாருவது, டாக்டர் முன் உட்காருவது, இரண்டில் எது கடினமான வேலை? இவரைச் சோம்பேறி என்கிறவர் ஒருநாள் பாத்தியில் இறங்கிப் பார்க்கட்டும்.

கஷ்டமான வேலையைத்தான் மனுஷன் தள்ளிப்போடுகிறான் என்பதே முதல் பிசகு. பாத்தியில் வாரியது பகலுக்குள் குவியலாக நிற்கும். கூட நாலு பேர் இருப்பார்கள். கூலி எண்ணிக் கைக்கு வரும். ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்களோ தெரியாது. எத்தனை ஜன்னலில் நிற்க வேண்டுமோ, எவ்வளவு செலவாகுமோ, வேலைக்கே போகக்கூடாது என்றுவிட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியுமோ. இதெல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளே நுழைந்ததுமே ஒரு கேள்வி வந்து விழும்: "ஏன் இவ்வளவு நாள் வரல?" உடம்பு நோகும் வேலைக்கு ஆள் தயார். முகம் நோகும் வேலைக்குத்தான் வாய்தா.

இந்த வாய்தா விவகாரத்துக்கு எங்கள் சீமையில் ஒரு பெரிய வழக்கே உண்டு. கர்நாடக நவாபோடு 1792-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1798-இல் பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3,310 வராகன். கலெக்டர் ஜாக்சன் படை அனுப்பலாம் என்றார், சென்னையில் சம்மதிக்கவில்லை. ஆகஸ்ட் 18-ஆம் தேதி அந்தப் பாளையக்காரர் கட்டபொம்மனுக்கு உத்தரவு போயிற்று, ராமநாதபுரத்துக்கு வந்து என்னைப் பார் என்று. உத்தரவு போட்டவரோ ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். கட்டபொம்மன் குற்றாலத்தில் பார்க்கப் போனார், பேட்டி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்க்கப் போனார், அங்கேயும் கிடையாது. செப்டம்பரில் ஒருவழியாக ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தபோது மூன்று மணி நேரம் நிற்கவைத்தே விசாரித்தார்கள் என்பது வரலாற்றுப் பாடப்புத்தகம்வரை ஏறிவிட்ட செய்தி. முடிவில் கோட்டை வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதில் தள்ளிப்போட்டது யார்? பாக்கிக்காரர் அலைந்துகொண்டிருக்கிறார், கடன் கேட்டவர் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் கணக்குப் புத்தகத்தில் தாமதம் யார் பெயரில் ஏறியது என்று சொல்லத் தேவையில்லை. ஆச்சரியம் என்னவென்றால், கம்பெனியே அமர்த்திய விசாரணைக் குழு (வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர்) கட்டபொம்மன்மேல் குற்றமில்லை என்றது. ஜாக்சனின் வேலை போயிற்று. அதற்கப்புறம் பாக்கியில் பெரும்பகுதி கட்டப்பட்டு 1,080 வராகன்தான் மிச்சம் நின்றது. 1959-இல் வந்த சினிமாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கடைசி விவரம் கொஞ்சம் சங்கடம்தான். காசு கொடுக்கவே மாட்டேன் என்று கர்ஜித்தவரைத்தான் நமக்குப் பிடிக்கும். தவணை சொல்லி, மனு எழுதி, பெரும்பகுதியைக் கட்டி, மீதிக்கு வாய்தா வாங்கியவரைப் பிடிக்காது. எனக்கென்னவோ அந்த இரண்டாமவர்தான் நம் சொந்தக்காரர் மாதிரி தெரிகிறார்.

அடுத்த வருஷம் கம்பெனிப் படையோடு மேஜர் பானர்மேன் வந்தார். 1799 செப்டம்பர் முதல் தேதி ஒரு கெடு: நாலாம் தேதிக்குள் பாளையங்கோட்டையில் ஆஜராக வேண்டும். கட்டபொம்மனின் பதில் பிடிகொடுக்காத பதில் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஐந்தாம் தேதி படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் நின்றது. அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கு. அந்தப் பதில் ஏன் பிடிகொடுக்கவில்லை? முந்தின வருஷம் கூப்பிட்ட இடத்துக்குப் போனவருக்கு நின்ற கால் வலியும், பிடிபட்ட அமைச்சரும், வாசலில் விழுந்த பிணமும்தான் கிடைத்தன. அதை மறந்துவிட்டு மறுபடியும் உடனே கிளம்புகிறவரை நாம் சுறுசுறுப்பானவர் என்று சொல்வோமா?

கட்டபொம்மன் செய்தது அரசியல், அதைப் பல்வலி மாமாவோடு சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். முழுக்கச் சேர்க்க முடியாதுதான். பாளையக்காரருக்குக் காலம் கடத்துவதில் ஆதாயம் இருந்தது. மாமாவுக்குப் பல் மேலும் சொத்தையாவதுதான் ஆதாயம். ஆனாலும் இரண்டு பேரும் தள்ளிப்போடுவது பழைய அனுபவம் ஒன்று மறுபடி நடப்பதை. மாமாவைக் கேட்டுப் பாருங்கள், அவர் சின்ன வயசில் பல் பிடுங்கிய கதை ஒன்று கட்டாயம் வைத்திருப்பார்.

சோம்பல் வாதத்துக்குச் சரியான அடி விழுந்தது 1801-இல். பிப்ரவரி 2-ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் ஜனங்கள் மறுபடி எழுப்பி நிறுத்திவிட்டார்கள். சம்பளம் இல்லை, கெடு ஓலை இல்லை. கம்பெனித் தளபதி மெக்காலேயின் படை வந்து பார்த்துத் திகைத்தது, மோதித் தோற்றது. மே 24-ஆம் தேதி கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்துதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. கிஸ்தி கட்ட இழுத்தடித்த அதே ஜனம்தான் இது. சோம்பல் என்பது ரத்தத்தில் ஓடும் குணமானால், மண் சுமக்கும்போது மட்டும் எங்கே போய் ஒளிந்தது?

கடலுக்கு வாருங்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பல பாகம் ஆழத்தில் இருக்கும் முத்துப்பாருக்கு இறங்கினார்கள். அப்படிப்பட்டவர்கள் கடல்கட்டி என்கிற மந்திரக்காரர் வந்து சுறாவின் வாயைக் கட்டினாலொழிய தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். மந்திரம் முடியும்வரை தோணி சும்மா நிற்கும். இது புதுப்பழக்கமும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீனைக் கட்டும் மந்திரக்காரருக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு போகிறது என்று எழுதினார்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் நம்பிக்கை கிடையாது; மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். ஆனால் என்ன செய்தார்கள் தெரியுமா? இலங்கைக் கரையில் கடல்கட்டிக்குச் சர்க்காரே சம்பளம் கொடுத்தது. அதோடு தோணிக்கு இத்தனை சிப்பி என்று பங்கும் உண்டு. குளிக்கிறவனைச் சோம்பேறி என்று திட்டினால் அவன் இறங்க மாட்டான், இறங்காவிட்டால் முத்து வராது, முத்து வராவிட்டால் வருமானம் போச்சு. ஆகவே அவன் பயத்தைப் பயம் என்றே ஒத்துக்கொண்டு, அதைப் போக்கும் ஆளைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தார்கள். கடலில் இவ்வளவு விவரமாக நடந்துகொண்ட அதே வெள்ளைக்காரர்களுக்குத் தரையில் ஒரு பாளையக்காரரை உட்காரவைத்துப் பேசத் தோன்றவில்லை. அங்கே பீரங்கி மலிவாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது மனோதத்துவக்காரர்கள் சொல்வதும் கடல்கட்டியின் பக்கம்தான். கனடாவைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல் 2007-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். தள்ளிப்போடுதலோடு பலமாக ஒட்டிக்கொண்டிருந்தவை அந்த வேலைமேல் உள்ள வெறுப்பு, பலன் வர ஆகும் காலதூரம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக் குறைவு, மனம் சட்டென்று வேறொன்றுக்குத் தாவுவது ஆகியவை. ஃபூஷியா சிரோயும் டிம் பிச்சிலும் 2013-இல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: ஆள் அந்த நேரத்து மனக்கசப்பை ஆற்றிக்கொள்ளத்தான் வேலையை ஒதுக்குகிறான். அதனால்தான் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையன் திடீரென்று அலமாரியை ஒழுங்குபடுத்துகிறான். சோம்பேறி அலமாரியைத் துடைப்பானா?

திட்டினால் சரியாகும் என்பவர்களுக்கு ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 2010-இல் ஒரு பதில் வந்தது. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தன்னைத்தானே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டு வாங்கியவன் புத்தகத்தைத் திறக்கும்போது பாடத்தோடு திட்டும் சேர்ந்து திறக்கிறது. அதைக் கேட்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆகவே மூடிவைக்கிறான். மூடிவைத்ததற்கு இன்னொரு திட்டு.

வள்ளுவர் சோம்பலைத் திட்டவில்லையா என்று உடனே ஓர் அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மடியின்மை அதிகாரம்தானே, தாராளமாகக் கொண்டுவரட்டும். கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலங்கள் என்று அவர் அங்கே நாலைச் சொல்கிறார். காலம் நீட்டிப்பது ஒன்று, மறதி ஒன்று, சோம்பல் ஒன்று, தூக்கம் ஒன்று. நீட்டிப்பதையும் அவர் கண்டிக்கத்தான் செய்கிறார், நான் மறைக்கவில்லை. ஆனால் சோம்பலைத் தனியாகவும் நீட்டிப்பதைத் தனியாகவும் எண்ணினார். வினைசெயல்வகையில் இன்னும் ஒருபடி போய், ஆறப்போட்டுச் செய்ய வேண்டிய வேலையும் உண்டு, ஆறப்போடக் கூடாத வேலையும் உண்டு என்று பிரித்துவைத்தார். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது நாம்.

சோம்பேறிகளே உலகத்தில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும். அவர்களுக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். செய்யாமல் விட்ட வேலை அவர்கள் நெஞ்சில் உட்காராது. தள்ளிப்போடுகிறவருக்கோ அந்த வேலை சோற்றிலும் தூக்கத்திலும் கூடவே வருகிறது. செய்தால் ஒரு மணி நேரம் படும் பாட்டை, செய்யாமல் ஒரு வருஷம் படுகிறார். இது நஷ்டம்தான், அதில் சந்தேகமில்லை. பாக்கி வளர்கிறது, பல் போகிறது, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகிறது.

இந்தப் பட்டம் எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். மனு கொடுக்க ஒரு மாதம் தாமதித்தவர் சோம்பேறி. அந்த மனுவை ஒரு வருஷம் மேசையில் வைத்திருந்தால் அது நடைமுறை. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், ஜனங்கள் தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 மே மாதம் கொடுக்கப்பட்டு, அக்டோபரில்தான் சட்டமன்றத்துக்கு வந்தது. கோபத்தோடு இருக்கும் கூட்டத்தின் எதிரே உட்கார்ந்து காதுகொடுப்பது யாருக்கும் பிடிக்காத வேலை. அதை நாள்கணக்கில் தள்ளிப்போட முடிந்த அதிகாரிகளை யாரும் உடம்பு வளையாதவர்கள் என்று சொல்லவில்லை. உண்மையில் அவர்களும் சோம்பேறிகள் இல்லை. அந்த நாட்களில் ஆயிரம் கோப்பு பார்த்திருப்பார்கள். நான் சொல்வது அவர்களுக்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான். பல்வலி மாமாவுக்குக் கொடுக்காத சலுகையை அவர்களுக்கு மட்டும் கொடுப்பானேன்?

தாலுகா ஆபீஸ் வாசல்களில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேர் என்ன, தகப்பனார் பேர் என்ன, சர்வே நம்பர் இருக்கா, இறப்புச் சான்றிதழ் கொண்டாந்திருக்கியா தாயீ, என்று நாலு கேள்வி. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் பிழைப்பு நடக்காது. வருஷக்கணக்கில் பீரோவுக்குள் கிடந்த காகிதம் கால்மணி நேரத்தில் மனுவாகிவிடும். எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும், யார் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார். இந்தக் கரையின் கடல்கட்டிகள் இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். இ-சேவை மையம் திறந்தபோது கம்ப்யூட்டர் வைத்தோம், பிரிண்டர் வைத்தோம், டோக்கன் வைத்தோம். மரத்தடி ஆளையும் உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டிருந்தால் எத்தனை வீட்டுப் பட்டா இந்நேரம் மாறியிருக்கும்!