2023 ஜனவரியில் சாங்கியில் 2 மணி நேரம் உட்கார்ந்தாலே ஆர்டி-பிசிஆர்! பாயிண்ட்டில் டிக்கெட் போட்டவர்கள் என்ன செய்திருக்கலாம்?

பொங்கலுக்கும் தை மாத முகூர்த்தங்களுக்கும் ஊருக்கு வர டிக்கெட் போட்டு வைத்திருந்த வெளிநாடு வாழ் தமிழர்களுக்கு, 2023 ஜனவரி 2-ம் தேதி வந்த அறிவிப்பு புதுத் தலைவலியாக இருந்தது. சீனா, சிங்கப்பூர், ஹாங்காங், தென்கொரியா, தாய்லாந்து, ஜப்பான் ஆகிய 6 இடங்களில் இருந்து இந்தியா வருபவர்களுக்கு, பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் சான்று ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மறுநாள் மத்திய சுகாதாரத்துறை ஒரு வார்த்தையைச் சேர்த்தது: 'வழியாக'.

அதாவது, நீங்கள் எந்த நாட்டில் கிளம்பினாலும் சரி, அந்த 6 இடங்களில் ஒன்றில் விமானம் மாறி இந்தியா வந்தால் உங்களுக்கும் அதே டெஸ்ட், அதே ஏர் சுவிதா படிவம் என்றானது. ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகாமல் இரண்டு மணி நேரம் காபி குடித்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறினாலும் அதேதான் விதியாக இருந்தது.

காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு அது ஒரு செலவு, கொஞ்சம் அலைச்சல் என்பதோடு முடிந்தது. கிரெடிட் கார்டு பாயிண்ட், விமான நிறுவன மைல்ஸ் என்று வருடக்கணக்கில் சேர்த்து டிக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் சிக்கல் பெரிதாக இருந்தது. ஏன் என்று பார்ப்போம்.

செவிலிமேட்டுக்கும் சாங்கிக்கும் என்ன சம்பந்தம்?

காஞ்சிபுரம் மாநகராட்சியின் தெற்கு ஓரம், பாலாற்றங்கரையில் இருக்கிறது செவிலிமேடு. பட்டுத்தறி ஊர். தை பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் வட்டாரம் முழுக்கக் கல்யாணப் பட்டு சீசன்தான். சிட்னியில், சிங்கப்பூரில், சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் முகூர்த்தப் புடவை இங்கேதான் எடுக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீடுகள் ஏராளம். நிறம், பார்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி முடித்துத் தறியில் ஏற்றிவிடலாம். ஆள் வந்து சேர்வதைத்தான் வாட்ஸ்அப்பில் முடிக்க முடியாது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். சிட்னியில் இருக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பம். தை முகூர்த்தத்தில் காஞ்சிபுரத்தில் தங்கை கல்யாணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸில் நான்கு சீட் கிடைத்துவிட்டது. சிட்னி - சிங்கப்பூர் - சென்னை. மீனம்பாக்கத்தில் இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு. டிக்கெட் போட்ட நாளில் இதைவிட நல்ல வழி இல்லை. ஜனவரி 2-க்குப் பிறகு அதே டிக்கெட், டெஸ்ட் முடிவு வரும்வரை உறுதியில்லாத டிக்கெட் ஆனது.

ஆஸ்திரேலியாவில் பயணத்துக்கான பிசிஆர் டெஸ்ட்டுக்குத் தனியாரிடம் காசு கட்ட வேண்டியிருந்தது. நான்கு பேருக்குச் சேர்த்தால் கணிசமான தொகை. ஆனால் உண்மையான ரிஸ்க் அதில் இல்லை. நான்கு பேரில் ஒருவருக்கு, இருமல்கூட இல்லாத ஒருவருக்கு, பாசிட்டிவ் என்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் ஏறியிருக்க முடியாது. காசு கொடுத்து எடுத்த டிக்கெட் என்றால் தேதியை மாற்றி, வித்தியாசத் தொகையைக் கட்டி அடுத்த வாரம் கிளம்பலாம். பாயிண்ட் டிக்கெட்டில் அடுத்த வாரம் சீட் 'இருக்க' வேண்டும். விமானத்தில் 50 சீட் காலியாக இருந்தாலும், பாயிண்ட்டுக்கு என்று நிறுவனம் திறந்து வைத்திருக்கும் சீட் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பொங்கல் சீசனில் அதுதான் வழக்கம்.

விதி ஆளைப் பார்க்கவில்லை, ரூட்டைப் பார்த்தது

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அதே நேரத்தில் அமெரிக்காவும் சீனப் பயணிகளுக்கு டெஸ்ட் கேட்டது, 2023 ஜனவரி 5 முதல். சீனா, ஹாங்காங், மக்காவ் பகுதிகளில் இருந்து நேராக வருபவர்களோடு, கடைசி 10 நாளில் சீனாவில் இருந்துவிட்டு சியோல் இன்ச்சான், டொரண்டோ, வான்கூவர் வழியாக அமெரிக்கா போனவர்களும் அதில் அடங்கினார்கள். கடைசி 7 நாளில் சீனாவில் இருந்தவர்களை ஜப்பான் வந்திறங்கியதும் டெஸ்ட் செய்தது. இரண்டு நாடுகளும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

இந்தியா கேட்ட கேள்வி வேறு: உங்கள் விமானம் எங்கே இருந்து வருகிறது?

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. சிங்கப்பூரிலேயே வசிக்கும் ஒருவர் பஸ் ஏறி கோலாலம்பூர் போய், அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ பறந்தால், விதியின் எழுத்துப்படி டெஸ்ட் தேவைப்படவில்லை. ஏனென்றால் மலேசியா அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. சிட்னியில் இருந்து வந்து சாங்கியில் இரண்டு மணி நேரம் மட்டும் உட்கார்ந்தவருக்கு டெஸ்ட் இருந்தது. இதில் யாருக்குத் தொற்று வாய்ப்பு அதிகம் என்று கேட்டால் விதியிடம் பதில் இருக்கவில்லை.

அரசு ஏன் இப்படிச் செய்தது என்பதும் புரியாமல் இல்லை. சீனா 2022 டிசம்பர் 7-ம் தேதி கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2023 ஜனவரி 8 முதல் எல்லையையும் திறந்தது. பிஎஃப்.7 என்ற பெயர் எல்லா சேனலிலும் ஓடியது (எங்கள் சேனலிலும்தான்). சீனப் பயணிகள் முதலில் போய் இறங்குவது பாங்காக், சிங்கப்பூர், டோக்கியோ மாதிரியான ஊர்களில்தான். ஒவ்வொரு பயணியின் கடைசி 10 நாள் கதையைச் செக்-இன் கவுண்டரில் விசாரிப்பதைவிட, விமானத்தைப் பார்த்து டெஸ்ட் கேட்பது விமான நிறுவனத்துக்கு எளிது. படிவம் நிரப்பாதவர்களுக்கு போர்டிங் பாஸ் தர வேண்டாம் என்று சொன்னால் வேலை முடிந்தது. அமல்படுத்த சுலபமான விதிதான். குறி சரியாக விழுந்ததா என்றால், இல்லை.

பட்டியல் எப்போது வேண்டுமானாலும் மாறிய காலம்

அது முதல் தடவை இல்லை. 2021 நவம்பர் 29-ம் தேதி சென்னை, டெல்லி, மும்பையில் இருந்து சிங்கப்பூருக்கு 'விடிஎல்' எனப்படும் தனிமைப்படுத்தல் இல்லாத விமானங்கள் தொடங்கின. அந்த வாரமே ஒமைக்ரான் காரணமாக இந்தியா 'ரிஸ்க்' நாடுகள் பட்டியலைப் போட்டது, சிங்கப்பூரும் அதில் இருந்தது. டிசம்பர் 1 முதல் அங்கிருந்து வருபவர்களுக்கு இறங்கியதும் டெஸ்ட், முடிவு வரும்வரை ஏர்போர்ட்டில் காத்திருப்பு, 7 நாள் வீட்டுத் தனிமை. அதே டிசம்பரிலேயே சிங்கப்பூரின் பெயர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. சில நாட்களில் சிங்கப்பூர் அரசு தன் பங்குக்கு விடிஎல் டிக்கெட் விற்பனையை டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை நிறுத்தியது.

2022 ஜனவரி 11 முதல், எந்த நாட்டில் இருந்து வந்தாலும் 7 நாள் தனிமை. பிப்ரவரி 14-ல் அதுவும் போச்சு, ரிஸ்க் பட்டியலும் போச்சு. மார்ச் 27-ல் வழக்கமான சர்வதேச விமானங்கள் இரண்டு வருடம் கழித்துத் திரும்பின. நவம்பர் 22-ல் ஏர் சுவிதாவுக்கே மூடுவிழா. 40 நாள் கழித்து, 2023 ஜனவரி 1-ல், அதே ஏர் சுவிதா மீண்டும் வந்தது.

மைல்ஸ் சேர்ப்பவர்கள் பல மாதம் முன்னாலேயே சீட் பிடிக்கிறார்கள். விதிகளோ அப்போது வாரக்கணக்கில் மாறின. இந்த இரண்டு காலண்டரும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. அதனால் டிக்கெட் போடும்போது 'இன்று எந்த நாடு பட்டியலில் இல்லை' என்று பார்ப்பது பாதி வேலையாகத்தான் இருந்தது. ரூட்டை மாற்ற வேண்டி வந்தால் இந்தப் பாயிண்ட் வேறு எந்த ஊர் வழியாகச் செல்லுபடியாகும் என்பதுதான் முக்கியமான கேள்வி.

எந்தப் பாயிண்ட் எந்த ஊர் வழியாக?

விமான நிறுவனங்கள் கூட்டணி வைத்திருக்கின்றன. உங்கள் பாயிண்ட் எந்தக் கூட்டணியோ, அதற்குள்தான் மாற்று வழி.

சென்னைக்கு வரும் ஸ்டார் அலையன்ஸ் விமானங்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தாய் ஏர்வேஸும் அப்போது பட்டியலில் மாட்டிக்கொண்டன. ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தவர்களுக்கு இந்தக் கூட்டணியில் மிச்சம் இருந்தது ஏர் இந்தியாவின் நேரடி டெல்லி விமானம். இறங்கி உள்நாட்டு விமானம் மாற வேண்டும், ஆனால் நடுவில் வேறு நாடே இல்லை. அமெரிக்காவில் இருந்து யுனைடெட் மைல்ஸ் வைத்திருப்பவர்கள் லுஃப்தான்சாவில் பிராங்க்பர்ட் வழியாக வரலாம்.

ஒன்வேர்ல்டு கூட்டணிக்காரர்களுக்கு அந்த முறை யோகம். மலேசியா ஏர்லைன்ஸில் கோலாலம்பூர், ஸ்ரீலங்கனில் கொழும்பு, கத்தாரில் தோஹா, பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டன் என நான்கு வழியும் சென்னைக்கு இருந்தன, நான்குமே பட்டியலில் இடம்பெறவில்லை. குவான்டாஸ் பாயிண்ட் சேர்த்த ஆஸ்திரேலியத் தமிழர்கள் இவற்றோடு எமிரேட்ஸிலும் சீட் தேடலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பாயிண்ட் டிக்கெட் என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. வரியும் நிறுவனம் போடும் கூடுதல் கட்டணமும் தனி. லண்டன் வழியாக வரும் டிக்கெட்டில் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துவது நல்லது.

எனக்குப் பிடித்த வழி வேறு. 2022 செப்டம்பரில் குவான்டாஸ் சிட்னி - பெங்களூரு நேரடி விமானம் விடத் தொடங்கியது. அமெரிக்கத் தமிழர்களுக்கு ஏர் இந்தியாவின் சான் பிரான்சிஸ்கோ - பெங்களூரு விமானம் அப்போது இருந்தது. சென்னைக்குத்தான் வந்தாக வேண்டும் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு என்ன கட்டாயம்? பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்தானே. ஏர்போர்ட்டில் இருந்து சுமார் 300 கி.மீ. கார் பயணம். குழந்தைகளோடு ராத்திரியில் அது கஷ்டம்தான், ஆனால் நடுவில் வேறு நாடே வராத ரூட் அது.

மாற்ற நினைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு

புது டிக்கெட்டை உறுதி செய்யாமல் பழையதை ரத்து செய்யாதீர்கள். ரத்து செய்தால் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு மைல்ஸைத் திருப்பித் தருவார்கள். ஆனால் அது கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸாகவேதான் திரும்பும். அதை வைத்து வேறு கூட்டணியின் எல்லா விமானங்களிலும் ஏற முடியாது. கிரெடிட் கார்டு பாயிண்ட்டை விமான மைல்ஸாக மாற்றியிருந்தால் அதையும் பொதுவாகப் பின்னுக்கு இழுக்க முடியாது. ஆகவே, இன்னும் மாற்றாமல் கார்டிலேயே பாயிண்ட் வைத்திருப்பவர்கள் அவசரப்படாமல், சீட் கண்ணில் பட்ட பிறகு மாற்றுவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு ஆபத்து, இரண்டு டிக்கெட்டாகப் பிரித்துப் போடுவது. சிட்னி - சிங்கப்பூர் பாயிண்ட்டில், சிங்கப்பூர் - சென்னை குறைந்த கட்டண விமானத்தில் என்று போட்டால், முதல் நிறுவனத்துக்கு நீங்கள் இந்தியா போவதே தெரியாது. அப்போது சான்று கேட்டது சாங்கியில் இருக்கும் இரண்டாவது கவுண்டர். அங்கே சான்று இல்லையென்றால் நடுவழியில் நிற்க வேண்டியிருந்தது. முதல் டிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே புக்கிங் என்றால் சிட்னி கவுண்டரிலேயே தெரிந்துவிடும். மோசமான செய்தியாக இருந்தாலும், அதை வீட்டுப் பக்கத்தில் இருந்தே கேட்கலாம்.

சிங்கப்பூரில் நான்கு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று திட்டமிட்டவர்கள், சிட்னியில் எடுத்த டெஸ்ட் சான்றை நம்ப முடியவில்லை. சிங்கப்பூரிலேயே புதிதாக எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பாக இருந்தது.

அதே சிங்கப்பூர் டிக்கெட்டில்தான் வருவது என்று முடிவு செய்தவர்களுக்கும் ஒரு சின்ன வேலை இருந்தது. ஏர் சுவிதா படிவத்தோடு சான்றின் பிடிஎஃப்பையும் ஏற்ற வேண்டியிருந்தது. சான்றில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இனிஷியல் வைத்த தமிழ்ப் பெயர்களுக்கு இது எப்போதுமே தகராறுதான். ஒரு நிறுவனத்தின் பாயிண்ட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் சீட் எடுத்திருந்தால் பிஎன்ஆர் எண் இரண்டு இருக்கும். விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் இல்லாத ரூட் கிடைத்தாலும் அதோடு முடியவில்லை. கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு ரேபிட் டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது நல்லதாக இருந்தது. எந்த நாட்டு விமானத்தில் வந்தாலும் இறங்கியதும் 2 சதவீதம் பேருக்கு ரேண்டம் டெஸ்ட் அப்போது இருந்தது என்பது ஒரு காரணம். கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்காரப்போவது தாத்தா, பாட்டி என்பது இன்னொரு காரணம். கோலாலம்பூர் வழியாக வந்தவருக்கு கொரோனா இருக்காது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

திரும்பிப் போகும்போது?

இந்தியாவின் அந்த விதி உள்ளே வந்தவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. ஆஸ்திரேலியா 2023 ஜனவரி 5 முதல் டெஸ்ட் கேட்டது சீனா, ஹாங்காங், மக்காவ் பகுதிகளில் இருந்து வந்தவர்களிடம். எனவே வரும்போது வேறு ரூட்டில் வந்துவிட்டு, போகும்போது சென்னை - சிங்கப்பூர் - சிட்னி சீட்டை அப்படியே வைத்துக்கொள்வதற்கு அப்போது தடை இருக்கவில்லை. பெரும்பாலான மைல்ஸ் திட்டங்களில் ஒரு வழி டிக்கெட் தனியாக எடுக்கலாம். ஏற்கெனவே போக - வர ஒரே புக்கிங்காகப் போட்டிருந்தால் மட்டும், வரும் பாதியில் ஏறாமல் விட்டுவிடாதீர்கள். முதல் விமானத்தில் ஆள் இல்லை என்றால் திரும்பும் சீட்டும் தானாக ரத்தாகிவிடும். நிறுவனத்துக்கு போன் செய்து, வரும் பாதியை மட்டும் முறைப்படி நீக்கச் சொல்லுங்கள்.