அரியணைகளின் பட்டியலா, ஊர்களின் பட்டியலா?

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று சோழப் பேரரசை ஆண்டுகொண்டிருக்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் அன்று, கணினித் திரையில். படை திரட்டுகிறார்கள், கலம் செலுத்துகிறார்கள், நகர் அமைக்கிறார்கள், கோபுரம் எழுப்புகிறார்கள். வரலாற்று வியூக விளையாட்டு என்று இதற்குப் பெயர். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஆடும் இவ்விளையாட்டுகளில் தமிழகத்துக்கு நெடுங்காலம் இடமே இருந்ததில்லை. 1991இல் தொடங்கிய 'சிவிலைசேஷன்' வரிசையில் இந்தியா என்றால் காந்தியடிகள். தலைநகர் என்றால் டில்லி. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் 2013ஆம் ஆண்டு இந்தியர் சேர்க்கப்பட்டபோதும், பரந்த துணைக்கண்டம் முழுவதையும் ஒரே இனமாகச் சுருட்டி மூலையில் வைத்தார்கள். 2022 ஏப்ரலில்தான் அதைப் பிரித்துத் திராவிடர் எனத் தனி இனம் வகுத்து, இராசேந்திர சோழனின் போர்களையும் ஆடக் கொடுத்தனர். 2025 பிப்ரவரியில் வெளியான 'சிவிலைசேஷன்' ஏழாம் பதிப்பில் சோழர் தனி நாகரிகமாகவே இடம்பெற்றனர். அவர்களுக்குரிய உலக அதிசயமாகத் தஞ்சைப் பெரிய கோயில் வைக்கப்பட்டது.

தமிழர் யாவரும் மகிழ வேண்டிய செய்தி இது. நாமும் மகிழ்கிறோம். ஆயினும் மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் எழுப்புவது நம் கடமை. ஒரு நாட்டைப் பலகையில் வைக்கும்போது எந்த ஊர்களின் பெயர்கள் ஏற வேண்டும்? எந்தக் கட்டடம் அந்நாட்டின் அடையாளமாக நிற்க வேண்டும்? இவற்றைத் தீர்மானிக்கும் அளவுகோல் எது?

இவ்வகை விளையாட்டின் முறை எளியது. ஆடுபவன் ஒரு நகரை அமைத்தவுடன், முன்னரே எழுதி வைத்த பட்டியலிலிருந்து அதற்கு ஒரு பெயர் தானே வந்து அமரும். அதிசயம் எனப்படும் பெருங்கட்டடமோ உலகில் ஒன்றே ஒன்றுதான் எழும்ப இயலும். முதலில் கட்டியவனுக்கே அதன் பயனெல்லாம். ஆகவே பட்டியல் எழுதுபவன் ஒரு வகையில் வரலாற்றாசிரியன். அவன் எழுதிய ஊர் கோடிக்கணக்கானோர் நாவில் ஏறும். அவன் விட்ட ஊர் இல்லாத ஊராகும்.

'விளையாட்டுத்தானே, இதற்கு இத்துணை விவாதமா?' என்று கேட்பாருளர். சதுரங்கத்தைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். இந்தியாவில் பிறந்து, பாரசீகம் சென்று, அரபியர் கைக்கு வந்து, பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் அஸ்ஸூலீ போன்ற அறிஞர்கள் நூல் எழுதும் அளவுக்கு வளர்ந்து, ஐரோப்பாவை அடைந்த ஆட்டம் அது. நம் யானையை அரபியர் 'ஃபீல்' என்றனர். ஸ்பெயின் மக்கள் அப்பெயரையே 'அல்ஃபில்' என்று இன்றும் வழங்குகின்றனர். ஆங்கிலேயனோ அதே காயைப் பாதிரியார் ஆக்கிவிட்டான். ஆயிரம் ஆண்டு கடந்தும் ஒரு காயின் பெயர் ஒரு பயணத்தின் கதையைச் சொல்கிறது. பெயர் மாறிய இடத்தில் கதை அறுந்துபோகிறது. விளையாட்டில் வைக்கும் பெயர் விளையாட்டான செயலன்று.

கோயிலின் சுவரே தந்த பட்டியல்

பெரிய கோயிலை நீக்குக என்று நாம் கூறவில்லை. 1010இல் இராசராசன் நிறைவுசெய்த அந்த 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்த்து வியக்காதவன் தமிழனல்லன். 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அது, எந்தப் பட்டியலிலும் இடம்பெறத் தகுதியுடையதே. நம் வழக்கு வேறு. அக்கோயிலைத் தனியே பெயர்த்தெடுத்து, ஒரு மன்னனின் ஆற்றலுக்குச் சான்றாக மட்டும் நிறுத்துவது அக்கோயிலுக்கே செய்யும் அநீதி என்பதே நம் வழக்கு.

ஏனெனில் அக்கோயிலின் சுவர்களே ஒரு மாபெரும் ஊர்ப் பட்டியலாக விளங்குகின்றன. எந்தெந்த ஊர் நெல் அளக்க வேண்டும், எந்தெந்த ஊர் பணியாளரை அனுப்ப வேண்டும் என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்தான் இராசராசன். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும் பெயர் சொல்லி, எந்தத் தெருச்சிறகில் எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதுவரை எழுதி, பங்கொன்றுக்கு 100 கலம் நெல் என்று கணக்கிட்டிருக்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு முன் உளி பிடித்தவனுக்கு, அரசனின் பெயரோடு நாட்டியப் பெண்ணின் வீட்டு எண்ணும் வரலாறாகத் தோன்றியது. கணினி பிடித்த நமக்கு அரசனும் கோபுரமும் மட்டுமே வரலாறாகத் தோன்றுமாயின், நாம் முன்னேறினோமா, பின்னேறினோமா?

அந்த நூறு கலம் நெல் எங்கிருந்து வந்தது? வியூக விளையாட்டுகளில் உணவு மிகுந்தால்தான் நகர் வளரும், நகர் வளர்ந்தால்தான் கோபுரம் எழும். இந்த உண்மையை விளையாட்டு செய்பவர் நன்கறிவர். அங்ஙனமாயின் தஞ்சையின் முதல் அதிசயம் கல்லணை அன்றோ? கரிகாலன் பெயரோடு மரபு இணைத்துப் பேசும் அந்த அணையில்தான் காவிரியும் வெண்ணாறும் கொள்ளிடமும் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பாய்ந்து, குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைவிக்கின்றன. வெள்ளையர் ஆட்சியில் வந்த ஆர்தர் காட்டன் அதைக் கண்டு வியந்தார். 1836இல் மேலணை கட்டி ஆற்றின் போக்கைச் சீர்செய்த அவர், பின்னர் கோதாவரிக்கு அணை கட்டியபோது கல்லணை கற்பித்த அடித்தள நுட்பத்தையே துணைக்கொண்டார். மணலில் கல்லை அமிழ்த்தி ஆற்றை வழிநடத்திய பெயரறியா உழைப்பாளியின் நினைவுச் சின்னம் அது. அதில் எந்தக் குலத்தின் கொடியும் பறக்கவில்லை. பட்டியல் எழுதுபவரின் கண்ணுக்கு அது எளிதில் தட்டுப்படாததற்கும் அதுவே காரணம் போலும்!

படை ஒருமுறை, கப்பல் பலமுறை

அடுத்து நாகப்பட்டினம். சோழர் என்றதும் இராசேந்திரன் 1025இல் கடல் கடந்து கடாரம் வென்ற கதைதான் எவர்க்கும் நினைவு வருகிறது. விளையாட்டிலும் அதுவே இனிக்கிறது. ஆனால் அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்ன? அதே கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மாரவிசயோத்துங்கவர்மனின் பெயரோடு இணைந்த புத்த விகாரை நாகப்பட்டினத்தில் எழுந்தது. சைவப் பேரரசனாகிய இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். அக்கொடையைச் செப்பேட்டில் பதித்து நிலைநாட்டியவன், பின்னர்ப் போர் தொடுத்த அதே இராசேந்திரன்! போர் முடிந்து 65 ஆண்டுகள் சென்றபின், 1090இல் கடாரத்துத் தூதர் வந்து வேண்ட, முதற் குலோத்துங்கன் அவ்விகாரையின் ஊர்களுக்கு வரிவிலக்களித்தான். இவ்விரு செய்திகளும் லெய்டன் செப்பேடுகள் எனப் புகழ்பெற்ற ஏடுகளில் உள்ளன.

ஒரு படையெடுப்புக்கு முன்னும் பின்னும் இத்துணைப் பெரிய நட்பு இருந்திருக்கிறது. விகாரையின் பழங்கோபுரம் 1867இல் இடிக்கப்படும்வரை கடலோடிகளுக்கு வழிகாட்டி நின்றது. இன்று அது இல்லை. நிற்காத கட்டடத்தையும் மீண்டும் நிறுத்திக் காட்ட வல்லது கணினி. அவ்வல்லமையை எதற்குப் பயன்படுத்துவது? தஞ்சையில் இன்றும் கம்பீரமாக நிற்பதை மறுபடியும் நிறுத்துவதற்கு மட்டுமா?

இனி நாகூர். தர்கா பற்றி நம்மவரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதத்துக்கு இது இடமன்று. வரலாற்றுச் சின்னம் என்ற அளவில் மட்டும் பேசுவோம். நாகூர் நாயகம் ஷாஹுல் ஹமீது காதிர் வலீ அவர்கள் அடங்கியுள்ள அவ்விடத்தில் ஐந்து மினாராக்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டியவர் நவாபும் அல்லர், சுல்தானும் அல்லர். 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். இந்து அரசர் ஒருவர் முஸ்லிம் இறைநேசர் ஒருவருக்கு எழுப்பிய அந்த மினாராவை, 'ஒரு நாகரிகம், ஒரு சமயம், ஓர் அதிசயம்' என்னும் விளையாட்டு விதிக்குள் எவ்வாறு அடக்குவது? அடக்க இயலாது. அடங்க மறுப்பதே அதன் பெருமை.

அந்த மினாராவைக் கண்டு கரையடைந்த கப்பல்களை எண்ணிப் பாருங்கள். நாகூரிலிருந்தும் நாகையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் துணியேற்றிச் சென்ற மரைக்காயர் கலங்கள் அச்சேவிலும் கெடாவிலும் பினாங்கிலும் பாய் இறக்கின. கெடா என்பது எது? கல்வெட்டு கூறும் கடாரமே அது! இராசேந்திரனின் படை ஒருமுறை சென்று திரும்பிற்று. வணிகரின் கப்பல்களோ நூற்றாண்டுக் கணக்கில் சென்றுகொண்டே இருந்தன. திரும்பாமல் அங்கேயே வேரூன்றியவரும் பலர். நாகூரை மறக்க இயலாத அவர்கள் பினாங்கிலே ஒரு நினைவிடமும், 1828 முதல் 1830க்குள் சிங்கப்பூரிலே மற்றொன்றும் எழுப்பினர். சிங்கப்பூர் அரசு 1974இல் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. படை கொண்டு சென்ற கொடி எங்கே நடப்பட்டது என்று தேட வேண்டியிருக்கிறது. அன்பு கொண்டு சென்ற மினாராவோ கண்ணெதிரே நிற்கிறது.

அஞ்சுவண்ணம் எங்கே நிற்கிறது?

இங்கே விளையாட்டு செய்தோருக்கு உரிய பாராட்டையும் மறைக்கலாகாது. 'சிவிலைசேஷன்' ஏழாம் பதிப்பில் சோழருக்குரிய கட்டடங்களாக அவர்கள் தேர்ந்தவை அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும். இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவின் பெயரால் ஒரு வட்டாரம் உருவாகும். அஞ்சுவண்ணம் எது? மேற்காசியாவிலிருந்து வந்த யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் இடம்பெற்ற வணிகக் கணம். 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அதன் பெயர் உண்டு. அவ்வேட்டின் சாட்சிக் கையொப்பங்களில் கூஃபி எழுத்தில் அரபியும் உண்டு. பெரிய கோயில் எழுவதற்கு 160 ஆண்டுகள் முந்திய செய்தி இது!

அதே விளையாட்டில் சோழர் காலம் கழிந்து நவீன யுகம் வரும்போது முகலாயர் வருகின்றனர். இதை மட்டும் பார்க்கும் பிள்ளை என்ன எண்ணும்? முதலில் சோழன், பிறகு வடக்கிலிருந்து முடியும் வாளும் தாங்கி முஸ்லிம் என்றுதான் எண்ணும். ஆனால் முஸ்லிம் முன்னரே அந்தப் பலகையில் இருக்கிறான். சோழனின் கடைத்தெருவில், துலாக்கோல் ஏந்தி, அஞ்சுவண்ணம் என்ற பெயரோடு இருக்கிறான். அரியணையை மட்டும் தேடும் கண்ணுக்கு அவன் தென்படுவதில்லை. நம் குற்றச்சாட்டு அந்தக் கண்ணின் மீதுதான்.

இக்கண் இரு தரப்பாரிடமும் உள்ளது. 'சோழப் பெருமையில் துருக்கனுக்கும் புத்தனுக்கும் என்ன வேலை?' என்று சீறுவோர் ஒரு புறம். புத்த விகாரைக்கு ஊர் கொடுத்த மன்னனைவிட இவர்கள் பெரிய சோழர்களா? மறுபுறம் நம்மவருள் சிலர், 'கோயிலும் மன்னனும் அவர்கள் வரலாறு, நமக்கென்ன?' என்று ஒதுங்குகின்றனர். இராசகிரியிலும் பண்டாரவாடையிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் காவிரி நீர் குடித்து, காவிரி நெல் உண்டு, தமிழில் கனவு காணும் நாம், கல்லணை நமதன்று என்று கூற இயலுமா? ஒதுங்குபவன் தன் பெயரைத் தானே அழிக்கிறான். பூமியில் பயணம் செய்து முன்னோர் வாழ்ந்த இடங்களைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறதே, அந்த அழைப்புக்கு இதுவா விடை?

வரலாற்று விளையாட்டு வகுப்போர்க்கும், அவர்களுக்கு ஆலோசனை கூறும் நம் அறிஞர்க்கும் மூன்று கேள்விகளை அளவுகோலாக வைக்கிறோம். இவ்வூரால் சோறு உண்டவர் எத்தனை பேர்? இவ்வூருக்கு வெளியிலிருந்து வந்து, இதைத் தம் ஊர் என்று கூறியவர் எத்தனை பேர்? ஆண்ட குலம் அழிந்த பின்னும் இவ்வூர் வாழ்ந்ததா? இம்மூன்றுக்கும் விடை தரும் ஊரே பட்டியலின் தலைப்பில் நிற்க வேண்டும். அம்முறையில் தேர்ந்தால் தஞ்சை இருக்கும். பெரிய கோயிலும் இருக்கும். அதனருகே கல்லணை இருக்கும், நாகப்பட்டினம் இருக்கும், நாகூரும் இருக்கும். சோழரின் பெருமை இதனால் குறையாது. அது எதன்மேல் நின்றது என்பது விளங்கும்.

பட்டியல் எழுதும் கை கடலுக்கு அப்பால் இருக்கலாம். ஆனால் அக்கைக்குச் செய்தி தர வேண்டிய செப்பேடும் கல்வெட்டும் பள்ளிவாசல் பதிவேடும் கப்பல் கணக்கும் நம் ஊர்களில் இருக்கின்றன. நம் இளைஞர்களுள் கணினி கற்றோர் பலர். வரலாறு கற்றோரும் உளர். இவ்விருவரும் ஒரு மேசையில் அமரட்டும். நாகூர் மினாராவின் நிழல் விழும் ஒரு பலகையை அவர்களே வகுக்கட்டும். அதில் கடாரத்துக்குப் போகும் கலம் வாளை ஏற்றாமல் துணியை ஏற்றிப் புறப்படட்டும். வெல்லுவதற்கு அந்த வழியும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் ஆடித் தெரிந்துகொள்ளட்டும்.