மணிச்சாடிக்கு வெளியே நின்றவர்கள்

இம்மாதம் நான் எடுத்துக்கொண்ட நூல் புதியதல்ல. அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் எழுதிய 'த பெல் ஜார்' என்ற நாவல் 1963 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டனில் வெளிவந்தது. விக்டோரியா லூகாஸ் என்ற புனைபெயரிலேயே அவர் அதனை வெளியிட்டார். நூல் வெளிவந்து ஒரு மாதம் முடிவதற்குள், பெப்ரவரி 11 ஆம் திகதி, சில்வியா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 30. மூன்று வயது நிரம்பாத மகளும் ஒரு வயது மகனும் இருந்தார்கள்.

இந்தச் செய்தியை முதலில் அறிந்துவிட்டுத்தான் பலரும் நாவலைக் கையில் எடுக்கிறார்கள். நான் அதனாலேயே பல வருடங்களாக எடுக்காமல் இருந்தேன். எங்கள் வீட்டில் இப்படியான கதைகளைப் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

'பெல் ஜார்' என்றால் என்ன என்று ஆங்கிலம் தெரியாத சகோதரிகள் யோசிக்கத் தேவையில்லை. எங்கள் விஞ்ஞானப் பாடப் புத்தகத்தில் வந்த அதே மணிச்சாடிதான். ஆய்வுகூடத்தில் ஆசிரியை ஒரு மின்மணியை அதற்குள் தொங்கவிட்டு, வளிப்பம்பியால் உள்ளே இருக்கும் வளியை வெளியேற்றிக் காட்டியது நினைவிருக்கும். சுத்தியல் அடிப்பது கண்ணுக்குத் தெரியும். சத்தம் மட்டும் தேய்ந்து தேய்ந்து இல்லாமற் போகும். நாவலின் கதாநாயகி எஸ்தர் கிறீன்வூட் தன் நோயை இந்தச் சாடியாகவே உணர்கிறாள். எந்த ஊருக்குப் போனாலும், எந்த நாட்டுக்குப் போனாலும், அந்தக் கண்ணாடிக்குள் இருந்து தன் மூச்சையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டியிருக்கும் என்பது அவள் நிலை. வெளியே நிற்கும் எங்களுக்கோ சுத்தியல் அடிப்பது தெரிகிறது, ஒன்றும் கேட்பதில்லை.

கதை 1953 ஆம் ஆண்டு கோடை காலத்தில் தொடங்குகிறது. உளவு பார்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட றோசன்பேர்க் தம்பதியினர் அமெரிக்காவில் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்ட அதே கோடை. பத்தொன்பது வயது எஸ்தர் புலமைப்பரிசில் பெற்றுப் படிக்கும் கெட்டிக்காரி. ஒரு பெண்கள் சஞ்சிகை நடத்திய போட்டியில் வென்று, ஒரு மாதம் அங்கே பணிபுரிய நியூயோர்க் வருகிறாள். விருந்துகள், உடுப்புகள், படப்பிடிப்பு என்று எல்லாம் கிடைக்கிறது. ஊரார் பொறாமைப்படும் வாழ்வு. ஆனால் அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. வீடு திரும்பியதும், தான் நம்பியிருந்த எழுத்துப் பயிற்சி வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி காத்திருக்கிறது. அன்றிலிருந்து நித்திரை போகிறது. கிழமைக்கணக்கில் தலை முழுகுவதில்லை. இன்று கழுவினால் நாளையும் கழுவத்தானே வேண்டும் என்று அவளுக்குப் படுகிறது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் நெளிகின்றன.

இவை பெரும்பாலும் சில்வியாவுக்கு நடந்தவைதான். அவர் 1932 இல் பொஸ்ரனில் பிறந்தவர். எட்டு வயதில் தந்தையை இழந்தவர். தாய் அவுரேலியா சுருக்கெழுத்துக் கற்பித்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். சில்வியா 1953 இல் 'மடமசெல்' என்ற சஞ்சிகையில் ஒரு மாதம் பணியாற்றிவிட்டு வீடு திரும்பினார். அவ்வருடம் ஓகஸ்ட் மாதத்தில் உயிரை விட முயன்று, காப்பாற்றப்பட்டு, மக்லீன் என்ற மனநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். அடுத்த வருடம் மீண்டும் கல்லூரிக்குப் போனார். பின்னாளில் அதை நாவலாக்கினார். பெயர்களை மாற்றினார், சிலவற்றைக் கூட்டியும் குறைத்தும் எழுதினார். ஆகையால் இதைச் சுயசரிதை என்றும் சொல்ல முடியாது, முழுக் கற்பனை என்றும் சொல்ல முடியாது.

நாவலில் ஓர் அத்திமரம் வருகிறது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பழம். ஒன்று கணவனும் பிள்ளைகளும், ஒன்று கவிஞர் வாழ்வு, ஒன்று பேராசிரியர் பதவி, இன்னொன்று தூரதேசப் பயணம். எதைப் பறித்தாலும் மற்றவை போய்விடும் என்று அஞ்சி, மரத்தின் கீழேயே பசியோடு இருக்கிறாள் எஸ்தர். பழங்கள் கறுத்து உதிர்கின்றன. படித்த பெண்ணுக்கும் கல்யாணமே முடிவு என்று எண்ணிய 1950களின் அமெரிக்கச் சமூகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். பெண்ணிலைவாதிகள் இந்நாவலைக் கொண்டாடியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் சமூகம்தான் எஸ்தரை நோயாளி ஆக்கியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சரியாகாது. அதே அழுத்தங்களுக்குள் இருந்த மற்றப் பெண்கள் நியூயோர்க்கில் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். சமூகம் ஒரு காரணம், இழப்பு ஒரு காரணம், உடலும் மூளையும் ஒரு காரணம். இவற்றைப் பிரித்து நிறுக்க எங்களிடம் தராசு இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தங்கையிடம் கேட்டு, அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

நாவலை வாசிக்கத் தொடங்கியபோது எஸ்தரில் என் தங்கையைக் காண்பேன் என்று நினைத்தேன். கண்டேன்தான். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது எஸ்தர் அல்ல, அவளுடைய தாய். முதல் வைத்தியரிடம் இனிப் போகமாட்டேன் என்று எஸ்தர் சொல்லும் இடத்தில் அந்தத் தாயின் முகம் மலர்கிறது. தன் பிள்ளை அங்கே இருக்கும் மற்றவர்களைப் போன்றவள் அல்ல என்று மகிழ்கிறாள். சுகமாவதென்று மகள் தீர்மானித்துவிட்டாள் என்பது அவள் எண்ணம். அவள் கெட்டவள் அல்ல. பிள்ளைக்காக உழைத்துத் தேய்ந்தவள். சுகமாவது ஒரு தீர்மானம் என்று நம்புகிறாள், அவ்வளவுதான்.

நானும் அதையே நம்பினேன். தங்கை பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். "அக்கா, வாசிக்க ஏலாமல் கிடக்கு, எழுத்தெல்லாம் ஓடுது" என்றாள். கண் வைத்தியரிடம் கூட்டிப் போனோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். சோதனைக்குப் பயந்து சாட்டுச் சொல்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அம்மா நூல் கட்டினார், நேர்த்தி வைத்தார். "யோசிக்காதை பிள்ளை" என்று தினமும் சொன்னார். எங்கள் பேச்சில் கவலைப்படுவதற்கும் யோசிப்பது என்றுதான் சொல்கிறோம். யோசனையை நிறுத்தினால் வருத்தம் போய்விடும் என்பதுபோல. நான் சொன்னது அதைவிடக் கடுமையானது. "உனக்கு என்ன குறை? மனதைத் திடப்படுத்து. அம்மாவை ஒருக்கால் நினைத்துப் பார்" என்றேன்.

அவள் அம்மாவை நினைத்துத்தான் இருந்தாள். தான் எல்லோருக்கும் சுமை என்று நினைத்தாள். நான் சொன்ன சொல் அந்த நினைப்பையே உறுதிப்படுத்தியது என்று அவள் எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. ஒரு நாள் விடியற்காலையில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடவுள் புண்ணியத்தில் அவள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தாள். ஊராருக்கு வயிற்றுவலி என்றோம்.

நாவலில் இரண்டு வைத்தியர்கள் வருகிறார்கள். முதலாமவர் மேசையில் தன் குடும்பப் படத்தை வைத்துக்கொண்டு, எஸ்தர் சொல்வதைச் சரியாகக் கேளாமலே மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு அனுப்புகிறார். அது முறையின்றி, மயக்க மருந்தும் இன்றிச் செய்யப்படுகிறது. தான் செய்த எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று எஸ்தர் எண்ணுகிறாள். இரண்டாமவர் நோலன் என்ற பெண் வைத்தியர். முன்கூட்டியே சொல்லாமல் அச்சிகிச்சையைச் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார். ஒரு நாள் காலை எஸ்தருக்கு உணவு வரவில்லை. சிகிச்சைக்கு உரியவர்களுக்கே காலை உணவு இல்லை என்பதால் ஏமாற்றப்பட்டேன் என்று அவள் ஒடுங்கிப் போகிறாள். நோலன் வந்து அவளை அணைத்துக்கொள்கிறார். இரவே சொல்லியிருந்தால் நித்திரை கொள்ளமாட்டாய், அதனால்தான் காலையில் நானே வந்தேன் என்று விளக்குகிறார். கூடவே நடந்தும் போகிறார். இம்முறை அதே சிகிச்சை எஸ்தருக்கு உதவுகிறது, சாடி சற்று உயர்கிறது. சிகிச்சை ஒன்றுதான், கூட வந்த கையும் செய்த முறையும்தான் வேறு. இன்று இச்சிகிச்சை மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே செய்யப்படுகிறது. கடுமையான மனச்சோர்வுக்கு அது பலன் தரும் என்பதும் நிறுவப்பட்டது. நாவலின் முதற் காட்சியை மட்டும் வாசித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எஸ்தருக்கு நல்ல மருத்துவமனை கிடைத்தது ஒரு செல்வந்த எழுத்தாளர் பணம் கட்டியதால். சில்வியாவுக்கும் நாவலாசிரியை ஒலிவ் ஹிக்கின்ஸ் பிரௌட்டி அவ்வாறு உதவினார். பணமில்லாத பெண்ணுக்கு அந்நாட்டில் அன்று என்ன கிடைத்திருக்கும் என்பதை நாவல் அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை. மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் கறுப்பின ஊழியர் ஒருவரை எஸ்தர் பார்க்கும் பார்வையும் இன்று வாசிக்கக் கூசுகிறது. தன் துயரைக் கூர்மையாகப் பார்ப்பவர் பிறர் துயரையும் பார்ப்பார் என்று இல்லை.

சில்வியாவின் தாய்க்கு இந்நூல் பெரிய காயமாயிற்று. தன் மகள் நேசித்தவர்களெல்லாம் கேலிச்சித்திரம்போல வந்திருக்கிறார்கள் என்று வருந்தினார். அமெரிக்காவில் நூல் வருவதை அவர் விரும்பவில்லை. 1971 இல்தான் அங்கே வெளிவந்தது. முன்னர் இதை வாசித்திருந்தால் மகளின் பக்கமே நின்றிருப்பேன். இப்போது அந்தத் தாய்க்காகவும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. வெளியே நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தவர் அவர். எப்படித் தட்டுவது என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எழுதும் பெண்ணின் இப்படியான மரணத்தைப் பற்றிப் பேசும்போது எங்களுக்குச் சிவரமணி நினைவுக்கு வருவார். 1991 இல் தன் கவிதைகளை எரித்துவிட்டுப் போனவர். அவர் வாழ்ந்த காலமும் யுத்தமும் வேறு. இருவரையும் ஒன்றாக்கிப் பேசுவது இருவருக்கும் நியாயமில்லை. ஆனால் இத்தகைய மரணத்தைக் கவித்துவமாக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. சில்வியாவுக்கும் அதுவே நடந்தது. நாவலோ அவ்வாறு செய்யவில்லை. மருத்துவமனையை விட்டு வெளியேறலாமா என்று தீர்மானிக்கும் அறைக்குள் எஸ்தர் நுழைவதோடு அது முடிகிறது. சாடி மீண்டும் இறங்காது என்பதற்கு உறுதி இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே போகிறாள்.

சகோதரிகளே, நூலை மூடிவிட்டுச் செய்ய வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை, பசி, ஆசை எல்லாம் குறைந்து ஒருவர் ஒதுங்கினால் அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல சிகிச்சைப் பிரிவில் காசு இல்லாமல் காட்டலாம். மருந்து வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், இடையில் நிறுத்தக்கூடாது. சாக நினைக்கிறாயா என்று அன்பாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் அவர் பேசுவார். வீட்டில் பயிருக்கு அடிக்கும் மருந்து இருந்தால் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். 1990களின் நடுவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிநாசினிகள் தடை செய்யப்பட்ட பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஒரு நேரத்தைக் கடந்துவிட்டால் மனிதர் வாழ்கிறார்கள் என்பதே இதன் பொருள். பொலிசுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சி 1998 இலிருந்து இந்நாட்டில் குற்றமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். 'அங்கொடை' என்றும் 'மந்திகை' என்றும் ஊர்ப்பெயர்களை வசையாகச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்காமல் இருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

தங்கை இப்போது ஓர் ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வருடத்தில் சில மாதங்கள் மருந்து எடுக்கிறாள். அந்த மாதங்களில் நான் மனதைத் திடப்படுத்தச் சொல்வதில்லை. கிளினிக் நாளில் அவளோடு பஸ்ஸில் போய், துண்டு எடுத்து, வாங்கில் பக்கத்தில் இருக்கிறேன்.

நாவலை முடித்ததும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தாள், பின்பக்கத்தை வாசித்தாள், திருப்பித் தந்துவிட்டாள்.

"எனக்கு இது தெரிஞ்ச கதை அக்கா. நீங்கள் வாசிச்சது நல்லது" என்றாள்.