மூலையை மடித்துப் பார்க்க வேண்டாம்

திருவண்ணாமலை விருபாட்ச குகையில் 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் வாய் திறக்காமல் எழுதியே பதில் சொன்னார். மணலிலும் சிலேட்டிலும் எழுதியவை அப்போதே அழிந்தன. பிள்ளை குறித்து வைத்தவை தங்கி, 1923-ல் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. பிற்காலத்தில் ஆசிரமத்துப் புத்தகங்களுக்கு ரமணரே பிரூஃப் பார்த்தார், நைந்தவற்றுக்கு பைண்டும் செய்தார்.

ரமணாசிரமத்துக்குத் தனி ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதே ஊரில் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய திருப்புகழ்ப் பதிப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதைப் பாடிய அருணகிரிநாதரின் ஊரிலேயே இப்படி என்பதுதான் வருத்தம்.

இத்தகைய பழைய பதிப்புகளுக்கு அவற்றின் காகிதமே பகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் காகிதம் செய்தார்கள். மை பரவாமலிருக்க அதில் படிகாரம் சேர்த்தார்கள். ஈரம் பட்டால் படிகாரம் அமிலத்தைக் கிளப்பும். அமிலம் காகிதத்தின் நாரைத் துண்டு துண்டாக்கும். வெளியே லேசான பழுப்புதான் தெரியும். உள்ளே வலு போயிருக்கும்.

அந்த வலுவை அறிய அமெரிக்க நூலகங்களில் பல ஆண்டுகள் பக்க மூலையை முன்னும் பின்னும் மடித்து, எத்தனை மடிப்பில் ஒடிகிறது என்று எண்ணினார்கள். நாரிலுள்ள செல்லுலோஸ் சங்கிலியின் நீளத்தை அளக்க வேண்டுமானால் ஒரு துண்டை வெட்டிக் கரைக்க வேண்டியிருந்தது. நூலின் நலம் அறிய நூலையே காயப்படுத்தும் இந்த வழிக்கு இன்று அவசியமே இல்லை. அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பக்கத்தின்மீது பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கணினியில் ஒப்பிட்டால் அமிலத்தன்மையையும் நாரின் நிலையையும் சில நிமிடங்களில் மதிப்பிடலாம். பழைய புத்தக வாசனைகூடச் சாட்சி சொல்கிறது. ஆய்வாளர் மாத்தியா ஸ்டர்லிச் குழுவினர் 72 பழைய காகிதங்களிலிருந்து எழும் ஆவிகளை ஆராய்ந்து, அசிட்டிக் அமிலம், ஃபர்ஃபுரால் போன்றவற்றின் அளவிலிருந்து காகிதத்தின் நிலையைக் கணிக்கலாம் என்று 2009-ல் காட்டினார்கள்.

ஓலைச்சுவடிக்கும் இத்தகைய ஒளி உதவும். உடுப்பி மத்வ மரபின் ‘சர்வமூல கிரந்த’ச் சுவடிகள் கறுத்து, வாசிக்க முடியாமல் கிடந்தன. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பி.ஆர். முகுந்த், ரோஜர் ஈஸ்டன் குழுவினர் அகச்சிவப்பில் படமெடுத்து எழுத்துகளைத் துலக்கினார்கள்.

இதற்கெல்லாம் கடல் கடந்துதான் போகவேண்டும் என்பதில்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், பல்தேவ் ராஜ் முன்னின்று நடத்த, சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைச் சுரண்டாமல் வெட்டாமல் ஆராய்ந்தார்கள். செம்புக்குக் காட்டிய அக்கறையைக் காகிதத்துக்கும் காட்டவேண்டாமா?

இன்று எல்லாரும் ஸ்கேன் செய்வதில்தான் குறியாக இருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒடிந்துபோகும் நிலையிலுள்ள ஏட்டைக் கண்ணாடிக்கு அடியில் அழுத்தினால் படம் மிஞ்சும், ஏடு மிஞ்சாது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலில் தெரியவேண்டும்.

வீட்டிலும் தொடங்கலாம். இருட்டிய அறையில் புத்தகத்தை விரித்து, செல்போன் டார்ச்சை மேசையோடு மேசையாகப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த சுருக்கங்கள், ஈரம் பட்ட மேடு பள்ளம், இராமபாணப் பூச்சி சுரண்டித் தின்ற தடம், பூஞ்சணத்தின் மெல்லிய மயிர் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். புளித்த காடி வாடை வந்தால் அமிலம் வேலை செய்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்தப் புத்தகத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மற்றதை அரசு செய்யவேண்டும். நூலைக் காயப்படுத்தாமல் சோதிக்கும் கருவிகளை ஒரு வேனில் ஏற்றி, பயிற்சி பெற்ற இருவருடன் மாவட்டம் மாவட்டமாக அனுப்பலாம். மடம், நூலகம், வீடு என்று பாராமல் நூல்களைப் பரிசோதித்து, எவை அவசரம் என்று பட்டியல் எடுக்கலாம். பொது நூலகத் துறை அந்த முதல் வண்டியைத் திருவண்ணாமலைக்கு அனுப்பட்டும்.