ஆதரவு பெறப் புகார் நிபந்தனை ஆகக் கூடாது
பல்கலைக்கழகங்களில் பாலியல் துன்புறுத்தலுக்கும் வன்முறைக்கும் உள்ளானோருக்கான ஆதரவு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானவர் பல்கலைக்கழகத்திடம் எதிர்பார்ப்பவை இரண்டு. நடந்ததை விசாரித்துத் தவறு செய்தவர்மீது நடவடிக்கை எடுப்பது ஒன்று. சிகிச்சை, உளவள ஆலோசனை, பாதுகாப்பான தங்குமிடம், படிப்போ வேலையோ தடைபடாமல் தொடர வழி ஆகியவை மற்றொன்று. இந்தியாவில் முதலாவதற்குச் சட்டம் முறை வகுத்திருக்கிறது. இரண்டாவதோ பெரும்பாலும் முதலாவதோடு பிணைந்தே கிடக்கிறது. இந்தப் பிணைப்பை அவிழ்த்து, புகார் கொடுக்காதவருக்கும் ரகசியம் காக்கும் ஆதரவைத் தர வேண்டும் என்பதே இவ்வறிக்கையின் நிலைப்பாடு.

சட்டம் தருவது

விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வழிகாட்டு நெறிகளைத் தந்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஒழுங்குமுறைகள் 2016இல் அறிவிக்கை செய்யப்பட்டன. மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும்கூடப் பாதிக்கப்படலாம் என்பதை அவை ஏற்கின்றன. சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதங்கள் அவகாசம் உண்டு. விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். புகார் நிலுவையில் இருக்கும் காலத்தில் விடுப்பு, வருகைப்பதிவில் தளர்வு, துறை அல்லது நெறியாளர் மாற்றம் ஆகியவற்றைப் பெறலாம்.

விடுபட்டவை

இந்த நிவாரணங்கள் புகாரோடுதான் தொடங்குகின்றன. முனைவர் பட்ட ஆய்வாளரின் உதவித்தொகைக்கும் ஆய்வேட்டுக்கும் நெறியாளரின் கையெழுத்து வேண்டும்; அவர்மீதே புகார் தருவது பல ஆண்டு உழைப்பைப் பணயம் வைப்பது. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பது மேற்பார்வையாளரின் கையில் இருக்கிறது. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சும் விடுதி மாணவி காப்பாளரிடம்கூட வாய் திறப்பதில்லை. இவர்களில் எவரும் பேசத் துணிவதற்குள் காலக்கெடு கடந்துவிடலாம்.

ரகசியக் காப்பும் இதே அளவில்தான் நிற்கிறது. 2013 சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் தண்டனை என்று 17ஆம் பிரிவு சொல்வது புகாரைக் கையாளும் பொறுப்பில் உள்ளவர்களுக்கே. புகாருக்கு முன் செய்தியைக் கேட்கும் துறைத் தலைவரோ காப்பாளரோ அதற்குள் வருவதில்லை. கசிவின் விளைவை 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு காட்டியது. முதல் தகவல் அறிக்கையே பாதிக்கப்பட்ட மாணவியின் அடையாள விவரங்களோடு வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கும்படி அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் உள்ளகக் குழுவில் இடம்பெறாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்க வேண்டும். அவர்களின் குறிப்புகள் மாணவர் கோப்பிலோ பணிப்பதிவேட்டிலோ சேரக் கூடாது. மனநல சிகிச்சை பெறுவோரின் ரகசியத்தை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. வளாக ஆலோசனைக்கும் அதே அளவுகோல் வேண்டும். 18 வயது நிறைந்தவரின் ஒப்புதலின்றிப் பெற்றோருக்கோ துறைக்கோ தகவல் போகக் கூடாது.

வருகைப்பதிவுத் தளர்வு, தேர்வு ஒத்திவைப்பு, விடுதி அறை மாற்றம், நெறியாளர் மாற்றம் ஆகியவற்றை ஆலோசகரின் பரிந்துரையே பெற்றுத் தர வேண்டும். காரணத்தைக் கேட்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு இருக்கக் கூடாது. இந்த ஆதரவுக்குக் காலக்கெடுவும் கூடாது. ஆனால், குற்றம் சாட்டப்பட்டவர்மீதான நடவடிக்கைக்குப் புகாரும், அவர் தரப்பைக் கேட்கும் முறையான விசாரணையும் கட்டாயம். ஆலோசகரிடம் சொன்னது தீர்ப்பாகிவிடக் கூடாது.

ரகசியத்தின் எல்லைகள்

முழு ரகசியம் என்று எவருக்கும் வாக்களிக்க இயலாது. 18 வயது நிறையாதவர் பாதிக்கப்பட்டிருந்தால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி அறிந்தவர் எவரும் தகவல் தெரிவித்தாக வேண்டும். முதலாமாண்டு மாணவர்களில் 17 வயதினரும் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவருக்கு மருத்துவமனைகள் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று கூறும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு, காவல் துறைக்கு உடனே தெரிவிக்கவும் சொல்கிறது. அதற்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போதும் ஆலோசகர் மற்றவரின் உதவியை நாட நேரும். இந்த எல்லைகளை, வருபவர் பேசத் தொடங்கும் முன்பே, அவருக்குப் புரியும் மொழியில் ஆலோசகர் சொல்லிவிட வேண்டும்.