இரு சில்லு உழவு இயந்திரத்தின் கிளச்சும் பட்டியும்

பெரும்போகத்திற்கு வயல் பண்படுத்தும் நாட்களில் வேலைத்தள வாசல்களில் இரு சில்லு உழவு இயந்திரங்கள் நிரையாக நிற்பதைக் காணலாம். அவற்றுட் பல பெரும் பழுதடைந்தவையல்ல. என்சினும் நன்று, கியர்ப் பெட்டியும் நன்று, இடையில் நின்று வலுவைக் கடத்தும் பட்டியும் கிளச்சுமே வழுக்குகின்றன. குளத்து நீர் திறக்கும் நாளோ பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் குறிக்கப்பட்டுவிட்டது. ஓர் இயந்திரத்தின் பொருட்டு அந்நாள் பின்போடப்படுவதில்லை. ஒரு கிழமை பிந்திச் சேறடித்தவர் ஒரு கிழமை பிந்தியே விதைப்பார். கடைசி நீர் தட்டுப்படும் ஆண்டில் அதன் நட்டத்தை அவரது பயிரே தாங்க வேண்டிவரும்.

லாண்ட்மாஸ்டர் என்று ஒரு பிரித்தானியப் பொறியின் பெயராலேயே இன்றும் பலர் வழங்கும் இவ்வியந்திரத்திற்கு, கமக்காரர் என்சின் எண்ணெயைத் தவறாது மாற்றுகின்றனர். ஆனால் மூடியின் கீழ் மறைந்திருக்கும் கிளச்சை, அது புகையும்வரை எவரும் நினைப்பதில்லை. புகைந்தபின் பழி சாரதியின் தலையில் விழுகின்றது. அரைக் கிளச்சுப் பிடித்து ஓட்டும் சாரதிகள் இருப்பது உண்மையே. எனினும், போகத் தொடக்கத்தில் ஒரு நாளேனும் இயந்திரத்தை வேலையின்றி நிறுத்திச் சுத்தஞ் செய்ய இடங்கொடாத உடைமையாளரின் பங்கு அதனிற் குறைந்ததன்று. அந்த ஒரு நாளையும் உழவு நாளாகக் கணித்துச் சாரதிக்குக் கூலி கொடுப்பதே நியாயம்.

பட்டியைப் பற்றிப் பல தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ‘வீ’ வடிவப் பட்டி கப்பிப் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களிற் பிடித்தே இழுக்கின்றது. அடியைத் தொடுதல் கூடாது. பள்ளத்தின் அடி மினுங்கினால், பட்டி தேய்ந்து கீழிறங்கிவிட்டது என அறிந்துகொள்ளலாம். அத்தகைய பட்டியை எவ்வளவு இறுக்கினும் பயனில்லை. வழுக்கலை நிறுத்தக் குங்கிலியம், சவர்க்காரம் முதலியன பூசுவோர் உளர். அது இரண்டொரு நாளைக்கே உதவும். பின்னர் அப்பூச்சிலேயே புழுதி ஒட்டிப் பட்டியை அரிக்கும். எண்ணெயும் கிறீசும் இறப்பரைக் கெடுப்பன. பட்டிகள் இரண்டு அல்லது மூன்றாக ஓடும் இயந்திரத்தில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவதும் வீண்செலவே. நீண்டுபோன பழையவை சும்மா ஓட, முழுச் சுமையையும் புதியதே இழுத்து விரைவில் அறும்.

மிக இறுக்கமான பட்டியே நல்ல பட்டி என்பதும் பிழை. இரு கப்பிகளுக்கும் நடுவிற் பெருவிரலால் அமுக்கும்போது ஏறத்தாழ அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தாழ்தல் போதும். அளவு மீறி இறுக்கினால் போறிங் சூடேறித் தேயும். பெரும்பாலான இயந்திரங்களில் என்சினைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, என்சினை முன்னே நகர்த்தி இறுக்கம் சரிசெய்யப்படும். அவ்வாறு நகர்த்தும்போது கப்பிகள் ஒரே நேரில் உள்ளனவா என நூல் பிடித்துப் பார்த்தல் வேண்டும். பக்கம் சாய்ந்து ஓடும் பட்டி ஒரு போகமும் தாங்காது.

இனிக் கிளச்சு. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் அது உலர்ந்த தட்டுகளால் ஆனது. உலர்ந்திருத்தலே அதன் உயிர். புழுதி விதைப்பு நடைபெறும் இடங்களில் நுண்ணிய மண்ணும், சேற்றுழவு நடைபெறும் இடங்களிற் கலங்கல் நீரும் அதனுட் புகுகின்றன. மாலையில் வாய்க்காலில் இயந்திரத்தை இறக்கி வாளி வாளியாக நீரூற்றுவோர் கிளச்சு மூடியின்மேல் ஊற்றாதிருத்தல் நன்று. போறிங்கிற்குக் கிறீஸ் மிகுதியாக இட்டாலும் சுழலும்போது தெறித்துத் தட்டிற் படும்.

தட்டில் எண்ணெய்ப் பசை கண்டால் உடனே துடைத்துப் பூட்டிவிடுவது பலரது வழக்கம். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதையே முதலிற் காணல் வேண்டும். கியர்ப் பெட்டித் தண்டின் ஓயில் சீல் கசிந்திருப்பின், அதை மாற்றாது தட்டைத் துடைப்பது ஓட்டைப் பானையைக் கழுவி வைப்பது போலாகும். எண்ணெய் ஊறிய தட்டை நெருப்பிற் காட்டி எரிப்போரும் உளர். அதனாற் தட்டின் உராய்வுப் பூச்சு நொறுங்கும். அதை மாற்றுவதே சிக்கனம். மண்ணெண்ணெயாற் கழுவுதலும் தகாது. அது காய்ந்தபின்னும் பசை விட்டுச்செல்லும்.

பழைய கிளச்சுத் தட்டுகள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் எனும் கல்நார் கலந்திருந்தது. அத்தூசி சுவாசப்பையிற் படிந்து பல ஆண்டுகளின் பின் புற்றுநோயை உண்டாக்க வல்லது. ஆதலால் கிளச்சுப் பெட்டியை வாயால் ஊதுவதோ காற்றுப் பம்பியால் அடிப்பதோ கூடாது. ஈரத்துணியாற் துடைத்து, அத்துணியைப் பொலித்தீன் பையிற் கட்டி அகற்றுக. சிறுவரை அருகில் நிறுத்தற்க.

கிளச்சுக் கைபிடியில் சிறிது வெற்றசைவு இருத்தல் அவசியம். தட்டுகள் தேயத் தேய அது குறையும். அற்றுப்போனால் கிளச்சு முழுதும் பிடியாது வழுக்கி எரியும். சாரதி தினமும் காலையிற் கையால் அசைத்துப் பார்க்கலாம். அதற்கு ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை.

பட்டி மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் ஒழிதல் வேண்டும். சாரத்தின் நுனி ஒருமுறை சிக்கினாற் காலே போகும். என்சினை நிறுத்தாது பட்டியிற் கைவைத்தலும் அத்தகையதே.

போகம் முடிந்து இயந்திரத்தை நீண்டகாலம் நிறுத்தும்போது கிளச்சுக் கைபிடியை விடுவித்த நிலையிற் கட்டி வைத்தால் தட்டுகள் துருவேறி ஒட்டா. பட்டியின் இறுக்கத்தையும் தளர்த்துக. மேலதிகமாக வாங்கும் பட்டிகளை வெயிலும் எண்ணெயும் படாத தட்டொன்றில் வளையமாக வைத்தல் நன்று. ஒற்றை ஆணியிற் தொங்கவிட்டால் மடிப்பு விழுந்து, அவ்விடத்திலேயே வெடிக்கும்.